பூசைத் தட்டில் இருந்த பேனா

அங்கமுத்து போய்விட்டார் என்ற செய்தியை என்னிடம் கொண்டுவந்தவர் கருவாட்டு வியாபாரி காதர் நானா. பண்டாரவளைச் சந்தையில் நான் ஒரு முட்டைக்கோவாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, உள்ளே பூச்சி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு நின்றேன். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சரக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பிய நானா, வண்டியை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"மிட்வைப் அம்மா, ஒங்கட பழைய தோட்டத்துல பெட்டரி பாத்த அங்கமுத்து மவுத்தாகிட்டாராம்."

"எப்போ?"

"முந்தாநாள் விடியக்கொள்ள. லயத்து வீட்டுலதான். போத்தல் லாம்ப வச்சுக்கிட்டு அவர்ட பொஞ்சாதி தனியாத்தான் இருந்திருக்கு."

கோவாவைக் கூடையில் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட ஒரு போத்தல். ஓடைத் தண்ணீரில் பிறந்த வெளிச்சத்தைக் கண்ணாடித் தொட்டிகளில் சேர்த்துவைத்து ஒரு தோட்டத்துக்கே கொடுத்த மனிதர், அந்தப் புகைக்கு நடுவில் கண்ணை மூடியிருக்கிறார். அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய கருமாதியன்று நீங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் மட்டும் பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருப்பது எனக்குப் பழகிய வேலை என்பது இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

கொழும்பில் படிப்பு முடித்து, அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவச்சியாக நான் போன முதல் வருஷம் அது. ஐப்பசி அடைமழை. பிற்பகல் நான்கு மணிக்கே மலை முழுவதும் மூடுபனி இறங்கி, பேறுகால அறை கிணற்றுக்குள் இருப்பதுபோல இருட்டிவிட்டது. உள்ளே பேச்சி என்ற பெண். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கூரை ஒழுகி ஒரு சொட்டு விழுந்ததில் லாந்தர்க் கண்ணாடி வெடித்துச் சுடர் அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றிக்கொண்டு வருவதற்குள் பேச்சி என் கையில் குளிர்ந்துபோனாள்.

மறுநாள் காலையில், தொழிற்சாலையில் பெட்டரி பார்க்கும் அங்கமுத்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். மெலிந்த ஆள். திராவகம் தெறித்துத் தெறித்து அவருடைய வேட்டி சல்லடையாகியிருந்தது. பேச்சிக்கு அவர் உறவு இல்லை. வணக்கம் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா, ஒங்களுக்கு எம்புட்டு வெளிச்சம் வேணும்?"

"ஊசியில நூல் கோக்குற அளவுக்கு."

"அம்புட்டுத்தானா? அத நான் சேத்து வச்சுருவேன்."

அந்தத் தோட்டத்தில் மின்சாரம் ஓடையிலிருந்து வந்தது என்பதை அங்கே வாழாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மேலே தேங்கும் தண்ணீர் குழாயில் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் டைனமோவைச் சுற்றும். மழை இருக்கும் வரை குறையே இல்லை. ஆடியில் காய்ந்த காற்று அடிக்கத் தொடங்கினால் ஓடை நூலாக இளைத்துவிடும். அந்தக் காற்றில்தான் தேயிலைக்கு நல்ல மணம் வரும் என்று துரைமாருக்குச் சந்தோஷம். அதே காற்றில்தான் விளக்குகள் மங்கும். அதற்காகத்தான் பெட்டரி வீடு. ஈயத் தகடுகளைத் திராவகத்தில் ஊறவைத்த ஐம்பத்தைந்து கண்ணாடித் தொட்டிகள் அங்கே மரப்பலகைமேல் வரிசையாக நிற்கும். பகலில் தண்ணீர் கிடைக்கும் சில மணி நேரத்துக்குச் சக்கரத்தை ஓட்டி அவற்றை நிரப்பிக்கொண்டால், மாலையில் ஓடை ஓய்ந்தாலும் விளக்கு எரியும். "ஆறு நம்ம சொன்ன நேரத்துக்கு வராதுங்க. வந்தப்பப் புடிச்சு வச்சுக்கணும்" என்பார் அங்கமுத்து.

அந்த வெளிச்சம் அதுவரை பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும்தான். பெரிய துரையிடம் போய், ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு விளக்கு என்று கேட்கிற துணிச்சல் எனக்கு இருக்கவில்லை. அவர்தான் கேட்டார். துரையின் பதில் தோட்டம் முழுவதும் பரவியது: "ஒரு லைட் போடு. பங்களாவுக்குக் கொறஞ்சா அது எடுத்துடறது." அப்படித்தான் பேறுகால அறைக்கு ஒரு விளக்கு வந்தது. அன்றிலிருந்து அதைக் காப்பாற்றுவதுதான் அவருடைய ஒரே வேலையாகப் போயிற்று.

அவர் வேலை செய்வதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொட்டிகளுக்கு ஊற்றக் காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் வேண்டும். அதற்கான வடிகலம் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் இரண்டு சாடிகளோடு வருவார். சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கருகே வைத்து மோந்துவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போவார். ஒருமுறை எனக்கு எரிச்சல் வந்து, "பிள்ளைக்குக் குடுக்கிற தண்ணியக்கூட யாரும் இப்பிடிப் பாக்கறதில்ல" என்றேன். "புள்ள அழுது காட்டிரும். இது வாயே தெறக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சில நாள் நானும் கூடவே பெட்டரி வீட்டுக்குள் போவேன். கடைசித் தொட்டியில் ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. தொட்டி நிறைந்தால் அது எழும்பும், வெளிச்சத்தை எடுக்க எடுக்க அமுங்கும். அதன் கழுத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தார். நூல் நனைந்தால் அதற்குமேல் எடுக்கக் கூடாது, அடியோடு வழித்து எடுத்தால் தகடு செத்துப்போகும் என்பது அவருடைய சட்டம்.

அவருடைய ஈறுகளில் நீலக் கோடு விழுந்திருந்ததை நான்தான் முதலில் கண்டேன். ஈயம் உடம்பில் ஏறுகிறது, இந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். விட்டால் விளக்கை யார் பார்ப்பது என்று கேட்டார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் விளக்கு வேண்டியிருந்தது.

அவர் எல்லோருக்கும் நல்லவராக இருந்தார் என்று கருமாதியில் ஒருவர் சொன்னார். பொய். அவரை உங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா தம் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலு விளக்குக் கேட்டார், இல்லையென்றார். பெரிய கங்காணி மாரியம்மன் திருவிழாவுக்குக் கேட்டார், அதற்கும் இல்லையென்றார். சித்திரை மழை பிந்திப்போய் ஓடை வறண்டிருந்த வருஷம் அது.

"ஆத்தாளுக்கே இல்லைங்கிறியாடா?" என்று கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார் கங்காணி.

"ஆத்தாளுக்குத் தீவட்டி போதுங்க. ஆஸ்பத்திரியில வலியில கெடக்குறவளுக்குப் போதாதுங்க" என்றார் அங்கமுத்து.

அந்தப் பதிலை யாரும் மன்னிக்கவில்லை. அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்களில் மூன்று பேருக்கு அதே வருஷம் அந்த விளக்கின் கீழே நான் பிரசவம் பார்த்தேன். யார் யாரென்று பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரியும்.

இனி அந்தப் புரட்டாசிக்கு வருகிறேன். காய்ந்த காற்று ஓயவில்லை, ஓடையில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. அந்த நேரம் பார்த்துத் துரைக்கு விருந்தாளிகள் வந்தார்கள். பங்களாத் தோட்டத்தில் மரத்துக்கு மரம் விளக்குக் கட்டி ஒரு வாரம் ஆட்டமும் பாட்டமும். மூன்றாம் நாள் காலையில் அங்கமுத்து பங்களாவுக்குப் போய், சிவப்பு நூல் நனைந்துவிட்டது, மரத்து விளக்குகளையாவது நிறுத்துங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். விருந்தாளிகள் முன்னால் ஒரு கூலிக்காரன் தடை சொன்னது துரைக்குப் பொறுக்கவில்லை. பெட்டரி வீட்டுச் சாவியை அங்கேயே வாங்கி டீமேக்கரிடம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு வாரம் முடியும்வரை மின்சாரத்தை அடியோடு வழித்தெடுத்தார்கள். பிறகு துரையும் விருந்தாளிகளும் துப்பாக்கிகளோடு மொனராகலைக் காட்டுக்கு வேட்டைக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் போன மறுநாள் மழை இறங்கியது. ஓடை நிறையத் தண்ணீர். சக்கரத்தைத் திறந்துவிட்டால் தொட்டிகள் மெல்ல மெல்லப் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சக்கரம் ஓடவில்லை. அன்று ஆயுத பூசை.

தோட்டத்தில் ஆயுத பூசை எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து தேயிலை அரைக்கும் இயந்திரம்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. அன்று எதையும் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்க வேண்டும். அங்கமுத்து டீமேக்கரிடம் போய்ச் சாவி கேட்டார். "ஆயுதத்துக்கு இன்னிக்கு ஓய்வுய்யா. ஒனக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்று அனுப்பிவிட்டார் அவர். கல்யாணத்துக்கு விளக்குக் கொடுக்காத கணக்கு அவர் மனதில் இருந்திருக்கும்.

அங்கிருந்து நேராக என்னிடம் வந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். கையில் மடித்த தாள் ஒன்று.

"அம்மா, அஞ்சாறு நாளா வெறும் வயித்தோட நிக்குதுங்க. இன்னிக்குச் சக்கரம் ஓடுனாப் பொழச்சுக்கும். ஆஸ்பத்திரிக்கு வேணும்னு நீங்க ஒரு சீட்டுக் குடுத்தா டீமேக்கரு மறுக்க முடியாது. நீங்க எழுதக்கூட வேணாம். பள்ளிக்கூடத்து வாத்தியாருகிட்ட எழுதி வாங்கியாந்துட்டேன். ஒரு கையெழுத்துத்தான்."

உள்ளே என் மேசையில் ஒரு தட்டில் நானும் பூசைக்கு வைத்திருந்தேன். கத்தரிக்கோல், இடுக்கி, பிரசவப் பதிவேடு, அதன்மேல் என் பேனா. எல்லாவற்றிலும் குங்குமம்.

"பேனா பூசையில இருக்கே அங்கமுத்து. நாளைக்கு எடுத்துப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரிங்கம்மா" என்று தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

இதை நான் சமாளித்துச் சொல்லப் போவதில்லை. அந்த நேரம் ஒரு பெண்ணை வலியோடு தூக்கி வந்திருந்தால் அதே தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்திருப்பேன், ஒரு கணம்கூடத் தயங்கியிருக்க மாட்டேன். பேனாவை எடுக்க மட்டும் எனக்குப் பக்தி வந்தது. துரை சாவியைப் பிடுங்கிய ஆளுக்காகக் கையெழுத்துப் போட்டால் துரை திரும்பி வந்து என்ன சொல்வாரோ என்ற பயத்துக்கு நான் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். விஜயதசமியன்று காலையிலேயே பேனாவை எடுத்தேன். அவர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

அன்றைக்கு வெயில் ஏறியபோது பெட்டரி வீட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் லயத்து ஆட்கள் எல்லாம் சன்னலில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். "திருநீறு பூத்திருக்கு! யாரும் தொடாமலே ஆத்தா திருநீறு பூத்துட்டா!" என்று ஒரு பெண் அழுதாள். எட்டிப் பார்த்தேன். சாக்கலேட் நிறத்தில் இருக்க வேண்டிய தகடுகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தன. படித்தவள்தான் நான். வடிகலத்தோடும் திராவகத்தோடும் பழகியவள்தான். கூட்டத்தோடு சேர்ந்து நானும் கும்பிட்டேன்.

அங்கமுத்து மட்டும் சற்றுத் தள்ளிச் சேற்றில் குந்தியிருந்தார். "கும்புடாதீங்க. அது செத்துப்போன நெறம். பட்டினி போட்டுக் கொன்னுட்டு அதக் கும்புடுறீங்களே" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் துரை வந்தார், விளக்குகள் எரியவில்லை. டீமேக்கர் சுருக்கமாகச் சொன்னார்: "பூசை பண்ணணும்னு கேட்டான், தொறந்துவிட்டேன். தகடெல்லாம் திருநீறு பூசிட்டான்." துரைக்கு அது போதுமானதாக இருந்தது. தன்னுடைய ஒரு வாரக் கொண்டாட்டம்தான் காரணம் என்பதைவிட, ஒரு கூலியின் மூடத்தனம் என்பது கேட்க வசதியாக இருந்திருக்கும். காலைப் பெரட்டில், எல்லா ஆட்களும் வரிசையாக நிற்க, விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். வடித்த தண்ணீர் கொடுத்தவள் என்பதால் பெட்டரி வீட்டுக்குள் போய்வந்தவள் நான் ஒருத்திதான்.

"இவன் அங்கே பொட்டு வைக்கறது நீ பாத்ததா?" என்று துரை கேட்டார்.

பார்த்ததுதான். வருஷா வருஷம் முதல் தொட்டியின் வெளிக் கண்ணாடியில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். உள்ளே ஒரு தூசி விழ விடமாட்டார். இந்த வருஷம் அதுகூட வைக்கவில்லை, கதவே திறக்கவில்லை. திறக்கச் சொல்லிச் சீட்டுக் கேட்டு என்னிடம் வந்தார். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

"வைப்பார், துரை" என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் பூட்டிய கதவின் முன்னால் கற்பூரம் ஏற்றியவர்கள். கதவு திறக்கவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அங்கமுத்துவைப் புல் வெட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்துப் புதுத் தகடுகள் வந்தன, கொழும்பிலிருந்து புது ஆள் வந்தான். துரை சொன்ன சொல் தவறாதவர். பங்களாவுக்குக் குறைந்தது, ஆகவே ஆஸ்பத்திரிக் கம்பியை அறுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு நான் அங்கே இருந்த காலத்தில் அந்த அறையில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். விளக்கு இல்லாததால்தான் இறந்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். விளக்கு இருந்திருந்தாலும் இறந்திருப்பார்கள் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட நாளில், ரோட்டோரச் சரிவில் அவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஈயம் ஏறி மணிக்கட்டு தொங்கிப்போய்ச் சுரண்டியைப் பிடிக்க முடியாமல் துணியால் கையோடு கட்டியிருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினேன். மன்னிப்புக் கேட்கத்தான் இறங்கினேன், "உடம்பு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டேன்.

"இருக்குங்கம்மா" என்றார். அவிழ்ந்த துணி முனையைப் பல்லால் கடித்து இறுக்கினார். "தொர கேட்டதுக்குப் பதில் சொன்னீங்க. கேக்காததையும் சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டார்.

கருமாதிக்கு வருகிறேன். புதிய துரை நல்லவராம், பந்தலுக்கு மின்சார விளக்குக் கொடுத்திருந்தார். பட்டப்பகலில் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு விளக்குகள் எரிந்தன. உயிரோடு இருந்தவருக்கு லயத்தில் ஒன்றுகூட இல்லை. டீமேக்கர் ஐயா எழுந்து, "நம்ம தோட்டத்துக்கே வெளிச்சம் குடுத்த மகான்" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். இப்போது அந்தத் தகடுகளைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அங்கமுத்துவின் பக்திக்கு இரங்கி ஆத்தா திருநீறு பூத்தாளாம். அவர் எதைப் பார்த்துச் சேற்றில் குந்தி நொந்துபோனாரோ, அதையே அவருடைய பெருமையாக்கிவிட்டீர்கள். அந்தத் தகடுகளைக் கொன்றதில் துரைக்குப் பங்குண்டு, டீமேக்கருக்குப் பங்குண்டு, எனக்கும் உங்களுக்கும் பங்குண்டு. ஆத்தாளை இதில் இழுக்காதீர்கள்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவருடைய மனைவி செல்லாயி என்னைத் தனியாக அழைத்து, தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

"இது அம்மாவோடதாம். வந்தா குடுத்துருன்னு சொல்லிட்டுப் போனாரு."

மடிப்பில் மடிப்பில் பழுத்து, மழையில் நனைந்து காய்ந்த அடையாளத்தோடு இருந்தது. வாத்தியாரின் குண்டு எழுத்து: "பேறுகால அறைக்கு விளக்கு அவசியம். பெட்டரி வீட்டைத் திறந்து சக்கரத்தை ஓட்டவும். இப்படிக்கு, தோட்டத்து மருத்துவச்சி." அதன் கீழே இரண்டு விரல் அகலம் வெற்றிடம்.

அங்கமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பிரசவப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன். இதை எழுதுவதும் அதே பேனாவால்தான். அதை எந்தத் தட்டிலும் நான் இப்போது வைப்பதில்லை. கையெழுத்துப் போட ஒரு நொடி ஆகாது. வாங்கிக்கொண்டு ஓடத்தான் ஆள் இல்லை.